கண்ணாடியில் நடந்தவர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதுவரை அந்தக் கார் அவருடையது. கரும்பு வெட்ட ஆள் கூப்பிடப் போவதும், ஆலைக்குப் போவதும், உறவுக்காரர் கல்யாணங்களுக்கு எங்களை ஏற்றிச் செல்வதும் அவர்தான். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. வலது கையும் வலது காலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், ஒருநாள் விட்டு ஒருநாள் வில்லியனூருக்கு பிசியோதெரபிக்குப் போக வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் குருவிநத்தம். பாகூர் வந்து, கரிக்கலாம்பாக்கம் தாண்டி, உறுவையாறு வழியாகப் போகவேண்டும். பஸ் படி ஏற அவரால் ஆகாது. ஒவ்வொரு தடவையும் யாரைக் கெஞ்சுவது? ஐம்பது வயதைத் தாண்டியவள், பாகூர் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. அவருக்கு அதைவிடப் பயம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நல்ல காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவார். "பிரேக்கு, பிரேக்கு" என்பார். கரும்பு டிராக்டர் எதிரே வந்தால் இருவருமே பேச மாட்டோம்.

அவரைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, காரில் ஏற்றி, அங்கே இறக்கி, தோளில் சாய்த்து உள்ளே கொண்டுபோய் விடும்போது எனக்கு முதுகு விட்டுப்போகும். "உன் கைய வுட்டா வுழுந்துருவேன்" என்பார். ஒரு மாதிரி இறுக்கமாகப் பிடிப்பார். வீட்டில் கக்கூஸுக்குப் போகவும் அந்தக் கைதான். ராத்திரி தண்ணீர் குடிக்கவும் அந்தக் கைதான். மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "நீ எப்டிம்மா இருக்க?" என்று கேட்டால், "அப்பா பரவால்ல" என்று சொல்லுவேன். அப்போதெல்லாம் எனக்கென்று தனியாக ஒரு பதில் இருக்கவில்லை.

பயிற்சி நடக்கும் நேரம் முழுக்க நான் காரில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பெண்களுக்கு உட்கார இடம் இல்லை. வாசலில் வண்டி நிறுத்தவும் இடம் இல்லை. வாசலைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி ஒரு வாதாம் மரம் இருந்தது. அதன் நிழலில் நிறுத்திக்கொள்வேன். பின்னால் பஸ் ஸ்டாப், டீக்கடை, கூறு கட்டி வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஓர் அம்மா. திரும்பிப் பார்க்கக்கூட அலுப்பாக இருக்கும். என் பக்கத்துச் சைடு கண்ணாடியில்தான் அத்தனையும் பார்ப்பேன்.

முதல் படம் எடுத்தது எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் அதன் கண்ணாடியில் குனிந்து நரைமுடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கண்ணாடியைப் பார்க்கிறார், நான் அவரை இன்னொரு கண்ணாடியில் பார்க்கிறேன். சிரிப்பு வந்தது. மடியில் கிடந்த போனை எடுத்து அழுத்தினேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கண்ணாடி மேலிருந்த தூசி மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. மனிதர் புகையாக இருந்தார். அடுத்த முறை ஈரத்துணி கொண்டுபோய்க் கண்ணாடியைத் துடைத்தேன். திரையில் ஆள் இருக்கும் இடத்தை விரலால் தொட்டால்தான் ஆள் தெளிவாக விழுவார் என்பது மெதுவாகப் புரிந்தது. போனைத் தூக்கிப் பிடிக்காமல் ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தால் யாருக்கும் தெரியாது என்பதும் புரிந்தது.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. நின்றபடியே தூங்கும் கண்டக்டர். பஸ் வருவதற்குள் வாய் நிறைய இட்லியைத் திணித்துக்கொள்ளும் கம்பெனிப் பெண். சண்டை போட்டுவிட்டு ஒரே பைக்கில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போகும் புருஷன் பெண்டாட்டி. கண்ணாடியின் கறுப்பு விளிம்புக்குள் எல்லாரும் சின்னதாக, என்னிடம் எதுவும் கேட்காதவர்களாக இருந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மா ஒருநாள் என்னைப் பிடித்துவிட்டாள். கார் ஜன்னலைத் தட்டினாள். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னாம்மா, வந்ததுலேர்ந்து எங்களயே படம் புடிச்சிக்கினு இருக்க? நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"சும்மாதாங்க்கா. பொழுது போவல. யாருக்கும் அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"காட்டு பாக்கலாம்."

போனை நீட்டினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கூடையில் தண்ணீர் தெளிக்கும் படம் ஒன்று வந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள். "இவ்ளோ எளச்சிட்டனா நானு?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை. "இத அழிச்சிரும்மா" என்றாள். அவள் எதிரிலேயே அழித்தேன்.

போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் நிறுத்தினாள். "தோ, நம்ம சாரு."

"எந்த சாரு?"

"அதான்மா, அந்தக் கை கால் பயிற்சிக்கு வராரே. தெனம் தானா நடந்து வந்து டீ குடிப்பாரே."

அந்தப் படம் எனக்கு நினைவிருந்தது. அதற்கு முந்தைய தடவை எடுத்தது. டீக்கடைப் பந்தலுக்கு வெளியே ஒருவர் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, இடது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்து யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், இவருக்கும் அதே சீக்குதான் போல, இவருக்கு இடது பக்கம் என்று நினைத்துக்கொண்டே எடுத்திருந்தேன். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை. படம் எடுத்த அன்று காலையில் நான் பொத்தான் மாட்டிவிட்ட சட்டை. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் என்பது எனக்குத் தெரியாததா? இருந்தும், என் கை இல்லாமல் அவர் ரோட்டில் நிற்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னாம்மா, உனக்குத் தெரிஞ்சவரா?"

"எங்க வூட்டுக்காரர்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கூடைக்குப் போய்விட்டாள்.

அன்று பயிற்சி முடிந்து நான் உள்ளே போனபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். வழக்கம்போல் இடது கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். அதே இறுக்கம். அதே பாரம். வண்டியை எடுத்தேன். கோபமா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை மாதம் என் தோள் இறங்கிப்போனது வீணா என்று ஒரு நினைப்பு. அவர் சிரித்துக்கொண்டிருந்தாரே என்று இன்னொரு நினைப்பு. எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவர் இரண்டு தடவை "பிரேக்கு" என்றார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"நீங்களே எறங்குங்க."

"இன்னாடி இது, புதுசா?"

போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். பார்த்தார்.

"யார் எடுத்தது?"

"நான்தான். நீங்கன்னு தெரியாம."

"வேவு பாக்கறியா?"

"தெரியாமன்னு சொல்றேனே. தானா நடக்க முடியும்னா எங்கிட்ட எதுக்குங்க சொல்லல? என் முதுகு போனது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நல்ல கையால் டேஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பயிற்சில வாசல் வரிக்கும் நடன்னாங்க. நடந்தேன். அப்பால டீக்கடை வரிக்கும் போனேன். அங்க வுழுந்தா எவனாவது தூக்கி வுட்டுட்டு அவன் வேலையப் பாக்கப் போயிருவான். வூட்ல வுழுந்தா உன் மூஞ்சப் பாக்கணும்."

"என் மூஞ்சில இன்னா இருக்குது?"

"அலுப்பு" என்றார்.

திறந்த கார் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்திருக்கும். அலுப்பை நான் மறைத்து வைத்திருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். இந்த மனிதர் என் தோளில் சாய்ந்துகொண்டே தினமும் அதைப் பார்த்து வந்திருக்கிறார். பார்க்கப் பார்க்க இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

அவர் மறுபடி போனைக் கேட்டார். கொடுத்தேன். "பெருசு பண்ணு" என்றார். பண்ணினேன்.

"காலு மாறி இருக்குதே."

"கண்ணாடில எடுத்தா அப்படித்தாங்க."

"நான் நடக்கறத நான் பாத்ததே இல்ல" என்றார். "இவ்ளோ கோணலாவா நடக்கறேன்?"

"கோணல்தான். ஆனா நடக்கறீங்க."

அன்று அவர் தானாகத்தான் இறங்கினார். கதவைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து. நான் பின்னாலேயே போனேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாசற்படியில் தடுமாறினார். பிடிக்கப் போன கையை மடக்கிக்கொண்டேன். சமாளித்துக்கொண்டார். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அடுப்படியில் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன். சந்தோஷம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாரம் இறங்கினாலும் தோள் வலி உடனே போவதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் அவராக நடந்தார். சில நாள் பிடிவாதமாகக் கையைக் கேட்டார். சில நாள் கொடுத்தேன். சில நாள், அவர் நல்லதுக்காக இல்லை, என்னால் முடியாததால் கொடுக்கவில்லை. ஒருமுறை விழுந்தார். முழங்கை சிராய்த்தது. மருந்து போட்டபோது இருவரும் கத்திக்கொண்டோம். பிறகு சாப்பிட்டோம்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, வில்லியனூரில் மரநிழலில் காரை நிறுத்தி, "நான் உள்ள வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிப் போனார். போனை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியைப் பார்க்கவும் தோன்றவில்லை. சீட்டைப் பின்னால் சாய்த்தேன்.

விழித்தபோது அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார், கதவை எப்படித் திறந்தார் என்று எதுவும் எனக்குத் தெரியாது. டீ வாசனை வந்தது.

"போலாமா?" என்றார்.

"இருங்க, இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.