அப்பாவின் கட்டைவிரல்

எங்கள் சலவைக் கடையில் இஸ்திரி மேசை இரண்டு. ஒன்று எனக்கு, மற்றது என்னோடு வேலை செய்கிற அக்காவுக்கு. எந்நேரமும் பெட்டியின் ஆவிக்குள் நிற்பதால் அவளை நாங்கள் நீராவி அக்கா என்போம். கோபம் வந்தால் பெட்டியைத் துணிமேல் ஓங்கி அழுத்துவாளே தவிர, வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பிறந்தபோதே புருஷனின் அக்காவான நாத்தனார் வந்து பங்கு பிரித்துவிட்டாளாம். "நெத்தி எங்க அப்பா, மூக்கு நான், சிரிப்பு என் தம்பி" என்றாளாம். "உனக்கு ஒரு காதாவது மிஞ்சுச்சாக்கா?" என்று கேட்டேன். "அதுவும் இல்லடி" என்றாள். பெண் வளர்ந்து, அவள் அப்பாவுக்கு இருப்பதுபோலவே கட்டைவிரலில் மருக்கள் முளைத்தபோது, நாத்தனார் தன் கட்டைவிரலையும் பக்கத்தில் நீட்டிப் பூரித்துப்போனாள்.

"பாத்தியா, எங்க வீட்டு முத்திரை! அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கா."

சின்னவன் விஷயத்தில் மட்டும் யாரும் பங்கு கேட்டு வரவில்லை. அவனுக்கு வாயைச் சுற்றிக் கொப்புளம் வரும், ஆறும், திரும்ப வரும். தெருப் பிள்ளைகளெல்லாம் அம்மை வந்து எழுந்து விளையாடப் போய்விட்டன. இவனுக்கு மட்டும் அது நுரையீரல்வரை இறங்கி, ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய் வைத்தார்கள். பிழைத்து வந்தான். வந்த சூட்டிலேயே இன்னொரு காய்ச்சல்.

"ஊரான் அழுக்கைத் தொட்டுட்டு வந்து புள்ளையத் தூக்குறா. வேற என்ன வரும்?" என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்கான அக்கா புருஷன் தன் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அக்கா கடையிலேயே உடை மாற்றி, கையை வெந்நீரில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் பையனின் ரத்தத்தைப் பார்த்தார். பிறகு அப்பனின் கையைப் பார்த்தார்.

"இந்த மரு எவ்வளவு நாளா இருக்கு?"

"சின்ன வயசுலேர்ந்தே. எங்க அக்காவுக்கும் இருக்கு" என்று மனுஷன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாராம்.

வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடிக் கொல்ல ரத்தத்தில் ஒருவகை வெள்ளையணு உண்டாம். பையனுக்கு அது அற்றுப்போயிருந்தது. மரபணுவில் பிழை, அப்பா வழியில் வந்தது. ஒரே குடும்பத்தில் ஆளுக்கு ஆள் மாறுமாம். அப்பனுக்கு மருவோடு நின்றது, பையனின் உயிரைக் கேட்கிறது. "துணியாலயும் இல்ல, அழுக்காலயும் இல்லம்மா" என்றாராம் டாக்டர். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா அழுதாள். அவள் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் வாய் வெந்தா போய்விடும்?

பிழைக்க வழி ஒன்றுதான். பொருந்துகிற ஒருவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பையனுக்கு ஏற்ற வேண்டும். சோதித்ததில் மூத்தவள் அச்சாகப் பொருந்தினாள். அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். நாத்தனார் வராந்தாவிலேயே கைதட்டினாள்.

"எங்க ரத்தம்தான் எங்க புள்ளையக் காப்பாத்தப் போகுது!"

டாக்டர் சிரிக்கவில்லை. பெண்ணின் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொறுங்க, இன்னொரு ரிசல்ட் வரணும்" என்றார்.

மறுமுறை போனபோது அதுவும் வந்திருந்தது. அதே பிழை. அவள் மஜ்ஜை தம்பிக்கு ஆகாது. இனி அவளையும் கண்காணிக்க வேண்டும்.

நாத்தனார் தன் கையைக் கைப்பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். மூத்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ என்ன, அப்படியே அவங்கம்மாவைத்தானே கொண்டிருக்கா."

அக்கா மகளின் கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். "ஆமா அண்ணி, என் ஜாடைதான். ரெண்டும் என் ஜாடைதான். நீங்க கெளம்புங்க."

அவள் எதிர்த்து வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது, மஜ்ஜை தரப் பெயர் கொடுத்திருப்பவர்களில் முகம் தெரியாத யாராவது பொருந்துவார்களா என்று தேடுகிறார்கள். சின்னவன் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். நாங்கள் இஸ்திரி போடுகிறோம். நேற்று ஒரு பெரிய சட்டையை மேசைமேல் விரித்தவள், தேய்க்காமல் நின்றாள்.

"இது யாரு சட்டைடி?"

"தெரியலக்கா. புது ஆளு."

"ஒருவேளை இவரோடது நம்ம புள்ளைக்குப் பொருந்துமோ?"

நான் குனிந்து என் துணியைத் தேய்த்தேன். அவள் அதை மடித்து வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அதற்கும் அதையே கேட்டாள்.