கிரைசிஸும் கடைசி பெஞ்சும்

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால், பெண் வீட்டிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பையன் வேலை பார்க்கும் இடத்தை நோட்டம் விட்டுப் போவார். பையன் மில்லில் இருந்தால் வாசல் டீக்கடையிலேயே விஷயம் முடிந்துவிடும். நான் இராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறவன். என்னைப் பார்க்க வேண்டுமானால் வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

அரசு வேலை இல்லை என்று வந்த சம்பந்தமெல்லாம் நழுவிக்கொண்டிருந்தது. என் முன்நெற்றி வேறு பின்வாங்கத் தொடங்கியிருந்தது. செட்டியார்பட்டிப் பெண்ணின் ஜாதகம் மட்டும் பொருந்தி நின்றது. இதையும் விட்டால் தரகர் இனி போனை எடுக்க மாட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அன்றைக்குப் பாடம், லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களின் பன்மை. இவற்றில் பலவற்றுக்குக் கடைசியில் ஒரு எஸ் போட்டால் ஆகாது. பாக்டீரியம், பாக்டீரியா ஆகும். கேக்டஸ், கேக்டை ஆகும்.

"இதெல்லாம் வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. எம்புட்டு வருசம் இருந்தாலும் மாமனார் பேச்சக் கேக்காது" என்று விளக்கினேன்.

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் ஒட்ட வெட்டிய நரைமுடியும் மீசையுமாக ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. முன்னாள் ராணுவத்தினருக்குத் தேர்வில் வயதுச் சலுகை உண்டு என்பதால் அந்த வயதில் ஆட்கள் சேர்வது வழக்கம்தான். அவரை எழுப்பி, நெருக்கடியைக் குறிக்கும் கிரைசிஸுக்குப் பன்மை கேட்டேன். விறைப்பாக நின்று தெரியாது சார் என்றார். தெரியாதவர் நிற்க வேண்டும் என்பது என் வகுப்புச் சட்டம். வயதுக்காக வளைந்து கொடுத்தால் மற்றவர்கள் கெட்டுப்போவார்கள் என்று, பாடம் முடியும்வரை நிற்க வைத்தேன்.

எல்லோரும் போன பிறகும் அவர் நின்றார். புதிதாகச் சேர்ந்தீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. செட்டியார்பட்டி. எம் மகளுக்கு உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கிரைசிஸுக்குப் பன்மை கிரைசீஸ் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

நடந்ததைக் கேட்டதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. பிறகு தரகர் போன் செய்தார்.

"அவியளுக்குச் சம்மதமாம். பட்டாளத்துல இருந்தவுகல்லா, ஒங்க கண்டிப்பு பிடிச்சுப்போச்சாம். ஆனா பொண்ணுகிட்ட இந்த மாதிரி கேள்வியெல்லாம் கேக்கக் கூடாதாம்."

உடனே ஒப்புக்கொண்டேன். அம்மாவுக்குத்தான் கவலை வந்துவிட்டது, அப்புறம் இவன் அந்தப் பிள்ளையிடம் என்னத்தைத்தான் பேசுவான் என்று.