ஆறு பக்கம்

நான் தாவரவியல் வாத்தியார். மலையடிவாரக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே எனக்குக் கருணை பொங்கிவிட்டது. கொல்லிமலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறாது என்று நானே முடிவுகட்டி, நாற்பது பக்க நோட்ஸை ஆறு பக்கமாகச் சுருக்கினேன். கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நாற்பது, மலைப் பிள்ளைகளுக்கு ஆறு. எல்லோரையும் அரவணைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அதில் இதை நானே எழுந்து சொன்னேன். கைதட்டினார்கள். வெட்கங்கெட்டவன், இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

மலையில் திருப்புலி நாட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் அந்த நாற்பது பக்கத்தைக் கேட்டாள். எம்.எஸ்சி. படித்து, என்னைப் போலவே கல்லூரியில் பாடம் நடத்த வேண்டுமாம். வகுப்பிலேயே சிரித்துவிட்டேன்.

"மொதல்ல பாஸ் பண்ணு கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்."

நான் சிரித்ததும் கடைசி பெஞ்சு வரை சிரித்தது. அதற்கப்புறம், கூடப் படிக்கும் கீழ்நாட்டுப் பிள்ளைகளிடம் அதை இரவல் கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

கடைசிப் பரீட்சையில் பெரிய கேள்விகள் எல்லாம் ஆறு பக்கத்துக்கு வெளியேயிருந்து வந்தன. பாஸ் ஆனாள். எம்.எஸ்சி. சேர மார்க் பத்தவில்லை.

அடுத்த வருஷம், புதுப் பிள்ளைகளைச் சேர்க்க எங்களை மலைக்கு அனுப்பினார்கள். நோட்டீஸும் கையுமாக ஏறி இறங்கிய வீடுகளில் ஒன்று அவளுடையது. முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது முடித்த தங்கை பக்கத்தில் நின்றாள். படிப்பு எவ்வளவு சுலபம் என்று காட்ட, அந்த ஆறு பக்கத்தை எடுத்து அவர்களுடைய அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இவ்வளவுதானுங்களா என்று இரண்டு தடவை கேட்டார்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அப்பா கையிலிருந்த தாள்களை வாங்கி, ஓரம் சேர்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"தங்கச்சிக்கு வேற காலேஜ் பாத்துக்கறமுங்க சார். காப்பி போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். காப்பி வந்தது. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எதிரிலேயே உட்கார்ந்து, முழுவதையும் குடித்தேன்.