மாஸ்டர் வீட்டுக்கு ஃபைபர் வந்த கதை

அந்த வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தமாட்டார்கள். பெரிய பண்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். டெலிபோன் கம்பி வாசல் நிலையின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே வந்தது. கதவு கொஞ்சம் வேகமாக மோதினால் இன்டர்நெட் போய்விடும். ஆகவே, கோபித்துக்கொண்டு வெளியே போகிறவர்கூட நின்று, திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, கதவைப் பூப்போலச் சாத்திவிட்டுத்தான் போகவேண்டும். சண்டையில் பாதி ருசி அதிலேயே போய்விடுகிறது என்று மாஸ்டரின் மனைவி குறைப்பட்டுக்கொள்வாள்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வருஷக்கணக்காக அதன்மேலேயே காலை வைத்திருந்த மனுஷர், வீட்டுக்கு வந்தபிறகும் காலை எடுத்ததில்லை. மனைவி சமையலறையில் கத்தியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் போதும், சாப்பாட்டு மேஜைக்குக் கீழே அவருடைய வலது கால் தானாக அழுந்தும். மகள் புதுச் செருப்பு வாங்கப் போகிறேன் என்றாலும் அழுந்தும்.

அப்படிப்பட்டவரிடம் செப்புக் கம்பியில் வரும் இன்டர்நெட் மாட்டினால் கேட்கவா வேண்டும்? மோடம் செருப்பு அலமாரியின்மேல் ஒரு பக்கம் சாய்ந்தபடி இருக்கும். சாய்வுக்காக ஒரு மூலையில் அட்டையை மடித்து வைத்திருந்தார். சாய்வு முக்கியம் என்பார். எதற்கு முக்கியம் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் அரை மணி நேரம் போய்விடும். மழை பெய்தால் படம் நகராது. காற்று அடித்தால் குரல் அறுந்து அறுந்து வரும். "அப்பா, நெட் போயிடுச்சு" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தால், மாஸ்டர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். கம்பியின் ஒட்டுப் போட்ட இடத்தை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு லேசாகத் திருகுவார். "வந்துடுச்சுப்பா" என்று பதில் வரும்வரை கையை எடுக்கமாட்டார். பிறகு ஆறிப்போன டீயை அவர் குடிக்கிற அழகைப் பார்க்கவேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் அவருக்கு இணை அவர்தான்.

மகள் வீட்டிலிருந்தபடியே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். திரையில் முகம் காட்டி வாடிக்கையாளர்களிடம் பேசவேண்டிய வேலை. பேச்சின் நடுவே படம் உறைந்து, அவள் வாயைப் பிளந்தபடி நிற்பதை ஒருநாள் உடன் வேலை செய்கிறவர்கள் படம் பிடித்து அனுப்பினார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"அப்பா, ஃபைபர் போட்டுடலாம்."

"ஓடற வண்டியை எதுக்கும்மா மாத்தணும்?"

"எங்கப்பா ஓடுது? நாமதான் தள்ளிக்கிட்டு இருக்கோம்."

மாஸ்டர் ஒரு மாசம் முரண்டு பிடித்தார். கடைசியில், ஆள் வருகிற அன்றைக்குத் தான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு இறங்கிவந்தார். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். மாஸ்டருக்கு உடன்பிறந்தவள் அந்த ஒருத்திதான். வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். அம்மா இல்லாத வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள். மத்தியானம் அவர் சாப்பிட வருகிற நேரம் பார்த்து, வீட்டு டெலிபோனில்தான் கூப்பிடுவாள். கைபேசியை அவள் அலாரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறாள். பெரியவள் கூப்பிடுவாள், சின்னவன் எடுப்பான். இத்தனை வருஷமாக இது மாறியதே இல்லை. அந்த லைனில் எப்போதும் ஒரு கரகரப்பு இருக்கும். மாஸ்டருக்கு அது ரொம்ப சௌகரியம். சர்க்கரை டெஸ்ட் எடுத்தாயா, டாக்டரிடம் பல்லைக் காட்டினாயா என்று அக்கா ஆரம்பித்தால், "என்னக்கா? ஒரே கரகரங்குது. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். சில நாள் லைன் பளிச்சென்று இருக்கும்போதும் கரகரக்கும்.

செவ்வாய்க்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"கண்ணுல புரை முத்திடுச்சுடா. யாரோ வரலேன்னு வர்ற வியாழக்கிழமையே எனக்கு ஆபரேஷனுக்கு இடம் குடுத்திருக்காங்க. கூட ஒரு ஆள் இருக்கணுங்கறாங்க. ரெண்டு நாள் வந்துட்டுப் போயேன்."

"வியாழக்கிழமை ஃபைபர் போட வராங்கக்கா. நான் பக்கத்துல நிக்கலேன்னா கண்ட இடத்துல ஓட்டை போட்டுட்டுப் போயிடுவாங்க."



"உனக்கு நான் பெரிசா, ஒயர் பெரிசாடா?"

"என்னக்கா? ஒண்ணும் கேக்கல. கரகரங்குது" என்று சொல்லி மாஸ்டர் ரிசீவரை வைத்துவிட்டார். உண்மையில் அக்காவின் குரல் அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. சோறு பரிமாறிக்கொண்டிருந்த மனைவிக்கும் கேட்டது. குழம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை போன் வரவில்லை. வியாழக்கிழமை ஏணியும் தலைக்கவசமுமாக ஃபைபர் போடும் பெண் வந்து இறங்கினாள். மாஸ்டரைப் பார்த்ததும் அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள்தான்.

"மாஸ்டர், உங்க வீடா?"

"நீதானா? ரிவர்ஸ் ஒழுங்கா எடுக்கறியா இப்ப?"

"எடுக்கறேன் மாஸ்டர்."

வேலை தொடங்கியது. சுவரில் துளை போடும்போது மாஸ்டர் பின்னாலேயே நின்று, "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முடியைப் போல மெலிந்த கண்ணாடி இழையைக் காட்டியதும் நம்பமுடியாமல் பார்த்தார். "இதுலயா எல்லாம் வரும்?" என்று இரண்டு தரம் கேட்டார். சுவரில் புதுப் பெட்டி ஏறியது. பச்சை விளக்கு எரிந்தது. கடைசியாக அந்தப் பெண் பழைய டெலிபோன் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பழைய லைனை இன்னிக்கோட நிறுத்திடுவாங்க மாஸ்டர். இந்தப் போனையும் புதுப் பெட்டியில மாத்தி சொருகிடறேன்."

"அதை மட்டும் தொடாதேம்மா. அது எங்க அக்கா பேசற லைன்."

"இல்ல மாஸ்டர், மாத்தலேன்னா..."

"நிறுத்து."

நிறுத்திவிட்டாள். அவரிடம் படித்தவர்கள் அந்த ஒரு சொல்லுக்கு நடு ரோட்டிலும் நின்றுவிடுவார்கள், அப்படித்தான் பழக்கியிருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீடு மாறிப்போயிற்று. மகளின் முகம் உறையவில்லை. மழை பெய்தது, படம் ஓடியது. மகள் சோதனை பார்ப்பதற்காக வாசல் கதவை ஓங்கி அறைந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மனைவி தன் பங்குக்கு இரண்டு தரம் அறைந்தாள்; அதில் சோதனையைவிட வேறு என்னவோ இருந்தது. "அப்பா, நெட் போயிடுச்சு" என்று கூப்பிட ஆளில்லாமல் மாஸ்டர் டீயைச் சூடாகவே குடிக்க வேண்டியதாயிற்று. நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

ஆனால் போன் மணி அடிக்கவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா கோபத்தில் இருக்கிறாள் என்று முதலில் நினைத்தார். அப்புறம், தனியாகவே போய் ஆபரேஷன் செய்துகொண்டாளோ என்று நினைத்தார். கண்ணில் கட்டோடு, சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போகிறாளோ என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. வண்டியிலும் புத்தி இல்லை. கற்றுக்கொள்ள வந்த ஒருவர் நடைபாதைமேல் ஒரு சக்கரத்தை ஏற்றியபிறகுதான் பிரேக்கில் கால் வைத்தார். திட்டவும் இல்லை. வந்தவர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"நீங்களே கூப்பிட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"அக்காதான் கூப்பிடுவா. அதானே வழக்கம்."

"நான் கூப்பிட்டுக் கேட்டுடுவேன். கேட்டா, பொண்டாட்டியை விட்டுக் கேக்கறான்னு அதுக்கும் சேர்த்துக் கோபம் வரும். எனக்கு எதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய் வாசல் கதவை அறைந்து சாத்தினாள். அந்த வசதி வந்ததிலிருந்து அவள் அதை வீணாக்குவதே இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளேதான் விஷயத்தையும் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, கிரெடிட் கார்டு வேணுமான்னு தினம் இந்த நேரத்துக்கு ஒருத்தன் கேப்பானே, அவனையும் காணோம். அக்காவுக்குக் கோபம், சரி. அவனுக்குமா உங்க மேல கோபம்?"

மாஸ்டர் கையைக்கூடக் கழுவாமல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. கரகரப்புகூட இல்லை. கைபேசியிலிருந்து வீட்டு நம்பரைப் போட்டுப் பார்த்தார். மணியே அடிக்காமல், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டது. மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். லைன்தான் செத்திருக்கிறது, அக்கா கூப்பிட்டுத்தான் இருப்பாள்!

உடனே ஃபைபர் போட்ட பெண்ணைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன் மாஸ்டர். நீங்கதான் 'நிறுத்து'ன்னு சொன்னீங்க" என்றாள் அவள். "பரவால்ல. பெட்டிக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும். அதுல போன் ஒயரைச் சொருகுங்க. மெதுவா. அவசரமே இல்ல. க்ளிக்னு ஒரு சத்தம் வரணும். வந்துச்சா? சரி, நம்பரை நான் இங்கேருந்து ஆன் பண்றேன்."

ரிசீவரில் உயிர் வந்தது. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிரெடிட் கார்டுக்காரன் உடனே கூப்பிட்டான். அக்கா கூப்பிடவில்லை. அவள் கூப்பிடுகிற நேரம் வந்தது, போயிற்று. மனைவி மேஜையைத் துடைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாஸ்டர் ரிசீவரை எடுத்தார். எடுத்தபிறகுதான் ஒன்று தெரிந்தது. அக்காவின் நம்பர் அவருக்குத் தெரியாது. ஒருநாளும் போட்டதில்லையே, எப்படித் தெரியும்? வெட்கமாக இருந்தது. மனைவி துடைப்பதை நிறுத்தாமலே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

"யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான்க்கா."

மாஸ்டர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"ஆபரேஷன் ஆச்சாக்கா?"

"எங்க ஆச்சு? கூட ஆள் இல்லாம செய்யமாட்டோம்னுட்டாங்க. தள்ளிப் போட்டுட்டேன்."

"இங்க லைனே செத்துக் கிடந்துச்சுக்கா. இன்னிக்குத்தான் உயிர் வந்துச்சு" என்றார்.

"அதானே பார்த்தேன்" என்றாள் அக்கா உடனே. "நானும் தினம் போட்டேன்டா. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாரும் எடுக்கல."

மாஸ்டர் வாயைத் திறந்தார். மணி அடித்திருக்க வழியே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அக்கா ஒருநாளும் கூப்பிடவில்லை. அவர் கூப்பிடுவார் என்று அவளும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கம்பி விஷயத்தில் யார் தப்பாகப் பேசினாலும் அரை மணி நேரம் திருத்தாமல் விடாத மனுஷர், அன்றைக்கு முதல்முறையாகப் பிரேக்கைத் தனக்கே போட்டுக்கொண்டார்.

"ஆமாக்கா. இங்க கேக்கல" என்றார்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தேதி குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினாள்.

பழைய லைனாக இருந்தால் கரகரக்க வேண்டிய இடம் அது. மாஸ்டர் ரிசீவரைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது. அக்கா மூச்சு விடுவது கேட்டது. அவளுக்கு இவ்வளவு மேல்மூச்சு வாங்கும் என்பதே இத்தனை நாளாக அவருக்குத் தெரியாது.

"கேக்குதாடா?"

"நல்லாக் கேக்குதுக்கா. நான் வியாழக்கிழமையே வந்துடறேன். கட்டு அவுக்கற வரைக்கும் இருக்கேன்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். அதுவும் தெளிவாகக் கேட்டது.

"சரி, வா" என்றாள். "வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு வா."