கரிக்கோடு நீங்களே போடுங்க, சாரே

நிலச் சீர்திருத்தத்தில் என் மாமனாருக்குக் கிடைத்த பத்து சென்ட்டில், கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்குப் பக்கத்தில், மாவு மில் நடத்துகிறேன். துபாயிலிருக்கும் கணவர் அனுப்பிய பணத்தில் போட்ட மில்.

மாவுத் தூசி ரோட்டுக்குப் பறக்கிறது, ஜன்னலை அடைத்துவிடுங்கள் என்றார் பஞ்சாயத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி. வாய்ச்சொல்லை நம்பிக் கல் வைத்து அடைத்தேன். பிறகு கூரை மாற்றியபோது உத்தரத்தின் ஒரு முனையை அந்த அடைப்பின் மேல்தான் ஏற்றினோம்.

மறுவருடம் வேறொருவர் வந்தார். "காத்துக்கு வழியில்லாம மில்லா? இந்த அடைப்ப இப்பவே இடிக்கணும். இல்லேன்னா லைசென்ஸ் கிடையாது."

வந்த கோபத்தில், அடுத்த வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டேன். இடிக்கச் சொல்பவர் கரிக்கோடு போட்டுக் கொடுக்காமல் எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் சுவரில் கடப்பாறை வைக்கமாட்டார்கள். பின்னால் பழி வரக்கூடாதே! "எங்க இடிக்கணும், அக்கா?" என்று கரித்துண்டை நீட்டினார்.

அதை வாங்கி அதிகாரியிடம் கொடுத்தேன். "இடிக்கச் சொல்லுறது நீங்களாக்கும். கோடும் நீங்களே போடுங்க, சாரே."

கரியோடு சுவரருகே போனவர் முதல்முறையாக மேலே பார்த்தார். கோபத்தில் மறந்திருந்த நானும் அப்போதுதான் பார்த்தேன். உத்தரம் அந்த அடைப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இத இடிச்சா கூரை?"

"நம்ம தலையிலதான், சாரே."

கூரையில் காற்றுக்குழாய் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே போனார்.

இப்போது லைசென்ஸ் மாட்டிய ஆணியிலேயே ஒரு கரித்துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இடி, அடை என்று யார் வந்து சொன்னாலும் அதை அவர் கையில் கொடுக்கிறேன். வெள்ளையடித்த சுவரில் இன்றுவரை ஒரு கோடுகூட விழவில்லை.