வெள்ளிக்கிழமை விரால்

தகர டப்பாவின் சில்லிப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. உள்ளே தூண்டில் இரைக்கு நாலு தவளைகள், ஒன்றுகூடத் துள்ளவில்லை. ஜனவரி மாதம், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை, காலை ஆறு மணி... தவளைக்கே அந்தக் குளிர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலக யுத்த காலம். நான் கண்டோன்மெண்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், வயது இருபத்திரண்டு. அப்பாவுக்குத் தபால் இலாகாவில் வேலை. எங்கள் இருவருக்கும் தூண்டில் பைத்தியம். வீட்டில் மற்றவர்களுக்கு அது தலைவலி.

ஆனால் அன்றைக்கு நாங்கள் விளையாட்டுக்குப் போகவில்லை. ரீத்தா அக்காவைப் பெண் பார்க்க கோலார் தங்கவயலிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடத்தார் வந்து, சாப்பிட்டு, "லெட்டர் போடுறோம்" என்று சொல்லிப் போனவர்கள்தான்... போடவே இல்லை. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு.

நடந்த கூத்து இதுதான். சங்கராந்திக்கு எல்லோருக்கும் லீவு என்று இரண்டு வீட்டாரும் குஷியாக அந்த நாளையே குறித்துவிட்டோம். அது வெள்ளிக்கிழமை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, வருஷம் முழுக்க. அம்மா பிரியாணிக்கு மட்டன் சொல்லிவிட்டிருந்தாள். வியாழன் சாயங்காலம் காலண்டரைப் பார்த்தவள் அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்க்கெட்டில் மீன் இல்லை. மெட்ராஸ் ரயிலில் மீன் கூடைக்கு எங்கே இடம்... எல்லாம் பட்டாளத்துக்குத்தான்.

அதனால்தான் விடியும் முன்பே அப்பாவும் நானும் ஏரியில். அப்பா குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர். நான் நர்ஸ் கோட்டு. மூங்கில் கழி, மெழுகு தடவிய நூல், மருந்து பாட்டில் கார்க்கில் செய்த தக்கை. கூடவே என் கைப்பையில் ஒரு திருட்டுச் சாமான். வார்டில் குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது வெந்நீரில் மிதக்கவிடுகிற மரச்சட்டம் போட்ட தெர்மாமீட்டர்!

அதை ஏரியில் மிதக்கவிட்டு, எந்தச் சூட்டில் மீன் கடிக்கிறது என்று இரண்டு மாதமாக எழுதி வைத்திருந்தேன். அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. "ஏரிக்கு ஜுரமாம்மா?" என்பார்.

அன்றைக்கு அது அறுபத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. என் நோட்டுப்படி எழுபதைத் தொடாமல் விரால் வாயே திறக்காது. கோடையில்தான் விடியற்காலை நேரம் சரி. ஜனவரியில் வெயில் ஏறி, ஆழமில்லாத ஓரத் தண்ணீர் சூடாக வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். வருஷக்கணக்காக விடியற்காலையில்தான் பிடித்து வருகிறேன் என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். தக்கை அசையவே இல்லை.

ஒன்பதரைக்கு அப்பா எழுந்தார், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

"முட்டைக் குழம்பு வெக்கச் சொல்லிடறேன். வேற என்ன பண்றது?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனதும், காலையிலிருந்து நேர் வெயில் விழுந்துகொண்டிருந்த மேற்குக் கரைக்குப் போனேன். முழங்கால் ஆழம், பாசி. தவளை டப்பாவையும் வெயிலில் வைத்தேன். பத்துக்கு அறுபத்தெட்டு. பத்தரைக்கு அறுபத்தொன்பது. அக்கா இப்போது தலை பின்னிக்கொண்டிருப்பாள்...

பதினொன்றுக்கு எழுபத்தொன்று. டப்பாவுக்குள் தவளை முட்டியது. பாசி ஓரத்தில் ஒரு விரால் மேலே வந்து 'ளப்' என்று காற்றை வாங்கிவிட்டுப் போனது. அதற்கு ஒரு முழம் தள்ளித் தவளையை விட்டேன்.

தக்கை காணாமல் போனது.

கால் மணி நேரத்துக்குள் இரண்டு. ஒவ்வொன்றும் மூன்று ராத்தலுக்குக் குறையாது. இரண்டையும் கோட்டில் சுற்றிக்கொண்டு ஜட்காவில் ஏறியபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜட்காக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பின்கட்டு வழியாக நுழைந்தேன். அம்மா கோட்டோடு மீனை வாங்கிக்கொண்டாள். வழுக்கும் மீனில் சாம்பலைப் பூசித் தேய்க்க ஆரம்பித்தாள்.

சாப்பாடு அரைமணி தாமதம். குழம்புச் சட்டியைத் திறந்ததும் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"பங்காருப்பேட்டையில ரயில் மாறும்போதுதான் வெள்ளிக்கிழமைன்னு எங்களுக்கே நெனப்பு வந்துச்சுங்க. கறி ஆக்கி வெச்சிருந்தா எப்படி வேணாங்கிறது? வழியெல்லாம் இதே கவலை."

அவர் பையிலிருந்து ஒரு பொட்டலம் வெளியே வந்தது. நெத்திலிக் கருவாடு! கறி ஆக்கியிருந்தால் அதற்குப் பதில் இது இருக்கட்டும் என்று, எங்கள் மானத்தைக் காப்பாற்ற ஸ்டேஷனில் வாங்கியதாம்.

அம்மா சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது.

தலை குனிந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை முதல்முறையாக வாய் திறந்து, மீன் யார் பிடித்தது என்று கேட்டார். ஏரிக்கரையில் உட்காருகிற பெண் வீட்டில் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? அப்பா தொண்டையைக் கனைத்தார். அதுவரை வாயே திறக்காத அக்கா, கதவோரத்திலிருந்து சொன்னாள்.

"என் தங்கச்சி. எனக்காக."

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அதன்பிறகு அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை லெட்டருக்குக் காத்திருக்கவில்லை, சாயங்காலக் காபியிலேயே முடிவு சொல்லிவிட்டார்கள்.

தெர்மாமீட்டரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி வார்டில் வைத்தேன். அப்பா அதன்பிறகு குளிர்காலத்தில் பத்து மணிக்கு முன்னால் கிளம்பியதே இல்லை. காரணம் மட்டும் சொல்ல மாட்டார்.

இப்போது தொண்ணூறு வயதைத் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டியில் எட்டாவது மாடியில் இருக்கிறேன். ஃபோனைத் தட்டினால் வெட்டிக் கழுவிய மீன் வாசலுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் சிக்கன் மணக்கிறது, யாரும் காலண்டர் பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் இரண்டு துண்டு சாப்பிடுகிறேன்.

ஆனால் ஜனவரியில் காலை பதினொரு மணி வெயில் பால்கனியில் விழும்போது, என்னை அறியாமல் கையை நீட்டி சூடு பார்க்கிறேன். கதவோரத்திலிருந்து அக்காவின் குரல் கேட்கிறது... எனக்காக என்று.