லினக்ஸ் பரீட்சையும் என் மகனின் பசியும்

செபமாலை மணியை உருட்டிக்கொண்டே ஒருத்தி கணினிக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்தால், மாதா அதைச் செபமாக எடுப்பாவா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. பங்குச் சுவாமியிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த உதவியை மறைத்து வைத்திருப்பது சரியில்லை என்று மனம் சொல்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர்கள். 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தபோது மகன் என் வயிற்றில் ஏழு மாதம். உயிர் தப்பினோம். வீடு, வள்ளம், வலை எதுவும் மிஞ்சவில்லை. முரசுமோட்டையில் சித்தப்பாவின் வளவில் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். கடலைத் தவிர வேறு தொழில் தெரியாத என் கணவர் வயல் வேலைக்குப் போனார். பின்னேரம் சேற்றுக் காலோடு வந்து ஒரு மூலையில் இருப்பார். கதைக்கமாட்டார். இந்த மனிதர் இப்படியே வாயடைத்துப் போய்விடுவாரோ என்பதுதான் என் பெரிய பயம்.

மாசியில் மகன் பிறந்தான். சில மாதங்களில், நான் முன்பு படித்த கிளிநொச்சிக் கணினி நிலையத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். உதவியாக வந்த கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தார்கள். அது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. அந்தக் கணினிகளைப் பராமரிக்க ஒருவர் தேவை. அதற்கான ஆரம்பநிலைச் சான்றிதழ்ப் பரீட்சையில் சித்தியடைந்தால் வேலை எனக்கு. பரீட்சை புரட்டாதியில், வவுனியாவில். கொழும்பிலிருந்து வந்து நடத்துவார்கள். மறுபடி எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய்வந்தேன். ஜெனரேற்றர் ஓடும் நேரம் மட்டும்தான் கணினி. வீட்டில் கரண்ட் இல்லை. ஒரு கையால் பிள்ளையின் ஏணையை ஆட்ட வேண்டும். மற்றக் கையில் செபமாலை. அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'க்குப் பிறகும் ஒரு கட்டளை. கோப்பைப் பிரதி எடுப்பது, கோப்புக்கு அனுமதி கொடுப்பது, இப்படிச் செபமாலை மணிக்கு ஒன்று. ஒருநாள் ஒரு கட்டளையை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"இப்ப நீர் சொன்னது எந்தத் தேவ இரகசியம்?" என்று மூலையிலிருந்து அவர் கேட்டார்.

"அது செபமில்லை. கட்டளை. ஒரு வேலை இறுகிப்போய் நிண்டா அதைக் கொல்லுறது."

"செபமாலையில வைச்சுக் கொல்லுறீரோ? மாதா பாவம்."

கடல் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அந்தச் சிரிப்புக்காகவே பிழையைத் தொடர்ந்து செய்தேனோ என்றும் சில வேளை யோசிப்பேன்.

படிப்பை விடப் பெரிய கவலை மகன். என்னிடம் பால் குடிப்பதைத் தவிர வேறெதுவும் அவன் வாய்க்குள் போகாது. போத்தலைத் தட்டிவிடுவான். கஞ்சியைத் துப்புவான். பரீட்சை நேரம் முழுவதும் அவனை எப்படி விட்டிருப்பது? "மாதாவே, அவன் போத்தலில் குடிக்க வேண்டும்" என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். தெளிவாகத்தான் கேட்டேன். பரீட்சை வந்தது. அவன் குடிக்கவில்லை.

முதல் நாளே மூவரும் பஸ் ஏறினோம். கனகராயன்குளம் தாண்டும்வரை மணியை உருட்டினேன். ஓமந்தையில் இறங்கி இராணுவச் சோதனை முடித்து, வவுனியாவில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். காலையில் பரீட்சை மண்டப வாசலில் வைத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்து, கணவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். வெளியே போனால் திரும்ப வர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் கொழும்பு வாகனம் பிந்துகிறது என்று தெரிந்தது. வெயில் ஏறும்வரை கதிரைகளில் காத்திருந்தோம். வினாத்தாளைத் திருப்பியபோது பிள்ளைக்குப் பசிக்கும் நேரம் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் அழுகை கேட்டது. எத்தனை பிள்ளைகள் அழுதாலும் அது அவன்தான் என்று தெரியும். என் சட்டை நனைந்தது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். எழுந்து போகலாம். போனால் வேலை இல்லை. அவர் திரும்பவும் அந்த மூலைக்குத்தான் போவார். போகாவிட்டால் நான் என்ன தாய்? "மாதாவே, நீங்களும் பிள்ளை வளர்த்தனீங்கள்தானே" என்று மட்டும் சொன்னேன். அந்த முறை செபத்தில் எந்தக் கட்டளையும் கலக்கவில்லை.

அழுகை நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது. மயங்கிவிட்டானோ? ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு, தகப்பன் பக்கத்தில் இருக்கிறார் என்று என்னைத் தேற்றிக்கொண்டு எழுதத் தொடங்கினேன். மணிமணியாகப் படித்தது ஒவ்வொன்றாக வந்தது.

முடிந்து ஓடிவந்தால், அவர் வெறுங்கையோடு வாசலில் நிற்கிறார்.

"பிள்ளை எங்க?"

"பயப்பிடாதையும். முன்வீட்டில நித்திரை."

"ஆரின்ர வீடு?"

"தெரியாது."

முன்வீட்டு விறாந்தையில், தலையை முக்காட்டால் மூடிய ஓர் இளம்பெண்ணின் மடியில் என் மகன் உறங்கிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பாயில் அவருடைய குழந்தை. பெயர் நஸீமா என்றார்.

"கோவிக்காதீங்க, அக்கா. உங்கட அவர் போத்தலோட பட்ட பாட்டைப் பார்க்க ஏலாமக் கிடந்திச்சு. நான்தான் கேட்டு வாங்கிப் பால் குடுத்தன். எங்கட மார்க்கத்தில பால் குடிச்சாச் சொந்தம். இனி இவர் என்ட மகளுக்குச் சகோதரன். நாளைக்குப் பொண்ணு கேட்டு வந்துடாதீங்க."

"ஒருக்காக் குடிச்சாச் சொந்தமாகாது, அஞ்சு தரம் குடிக்கணும்" என்று குசினிக்குள்ளிருந்து அவருடைய மாமி குரல் கொடுத்தார்.

"அப்ப இன்னும் நாலு தரம் கொண்டுவாங்க" என்று சிரித்தார் நஸீமா.

எந்த ஊர் என்று கேட்டார். முல்லைத்தீவு என்றேன். "நாங்களும் அங்கதான். தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் போகச் சொன்னப்ப ஏழு வயசில வெளிக்கிட்டது. கடல் சத்தம் ஞாபகம் இருக்கு" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. சித்தியடைந்துவிட்டேன். இப்போது அந்த நிலையத்தின் கணினிகள் என் பொறுப்பில். அவர் பூநகரியில் சொந்தக்காரரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். வீட்டுக்கு வந்தால் அவருடைய கதை ஓயாது.

நான் போத்தலைக் கேட்டேன். மாதா ஒரு தாயைக் காட்டினா. நீங்களும் உங்கள் தேவையைத் தயங்காமல் கேளுங்கள். அது எந்த வழியால், யார் கையால் வரவேண்டும் என்பதை மட்டும் நீங்களே முடிவுசெய்யாதீர்கள்.

இந்த உயிர்த்த ஞாயிறு முடிய வவுனியாவுக்குப் போக இருக்கிறோம். மகன் இன்னும் பால் குடிக்கிறான். நஸீமா அன்று சொன்னது பகிடியா, உண்மையா? மிச்ச நாலு தரத்துக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவரைச் சங்கடப்படுத்துவேனா? கொடுக்காமல் வந்தால், வந்த உறவை வேண்டாம் என்றதாகுமா? "அவாதானே கூப்பிட்டவா, போவம்" என்கிறார் என் கணவர். எனக்குத் துணிவில்லை. இரண்டு மார்க்கத்தையும் அறிந்தவர்கள், பிள்ளை வளர்த்த தாய்மார், நான் என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். மகன் பால் மறக்குமுன் எழுதுங்கள்.